மனுவை எங்கே கொடுப்பது? மலைப்பள்ளிக்கு நிதி கேட்பவர்களுக்கு ஓர் ஒப்பீடு

எங்கள் ஊர்ப் பள்ளித் தலைமை ஆசிரியை ஒரு நாள் சாயங்காலம் கையில் ஒரு தாளோடு வீட்டு வாசலில் வந்து நின்றார். "இது நீங்க கொடுத்த மனுதானே?" என்று கேட்டார். "ஆமா டீச்சர்" என்றேன். "இதுக்கு நான் பதில் எழுதி அனுப்பணுமாம்" என்றார். தாளை வாங்கிப் பார்த்தேன். ஓரத்தில் நான்கு முத்திரை, நான்கு விதமான கையெழுத்து, "நடவடிக்கைக்காக அனுப்பலாகிறது" என்று நான்கு முறை. பள்ளிக்கு இன்னொரு ஆசிரியர் வேண்டும், ஒழுகுகிற கூரையை மாற்ற வேண்டும் என்று நாங்கள் எழுதிக் கொடுத்த தாள், சேலம் வரை போய் மறுபடி மலை ஏறி, எந்தப் பள்ளிக்காகக் கேட்டோமோ அந்தப் பள்ளி மேஜைக்கே வந்துவிட்டது. அந்தம்மா என்ன பதில் எழுத முடியும்? ஆசிரியரை நியமிக்கும் அதிகாரமும் அவர் கையில் இல்லை, கூரைக்குப் பணமும் இல்லை.

ஏற்காடு மலையில் ஒரு சின்னக் கிராமம் எங்களுடையது. பள்ளி மேலாண்மைக் குழுவில் இரண்டு வருடம் இருந்தேன். அந்த இரண்டு வருடத்தில் எங்கள் பள்ளிக்காகத் தட்டாத கதவு இல்லை. எந்தக் கதவு எதற்குத் திறக்கும், எது வெறும் ஒப்புகைச் சீட்டு தரும் என்று அப்போது தெரிந்திருந்தால் பாதி அலைச்சல் மிச்சமாகியிருக்கும். நாகலூரோ மாரமங்கலமோ செம்மனத்தமோ, எந்த ஊர்ப் பெற்றோராக இருந்தாலும், மலையில் பிறந்து இப்போது சேலத்தில் வேலை பார்க்கிறவராக இருந்தாலும், இதைப் படித்துவிட்டு எந்த வழி உங்கள் பள்ளிக்குச் சரிவரும் என்று முடிவெடுங்கள்.

முதலில் ஒரு கேள்வி. நீங்கள் கேட்பது கட்டடமா, ஆளா? வகுப்பறை, கழிப்பறை, சுற்றுச்சுவர், தண்ணீர்த் தொட்டி எல்லாம் ஒரு தடவைச் செலவு. ஆசிரியர், துப்புரவுப் பணியாளர், விடுதிக் காவலர் எல்லாம் மாதாமாதம் சம்பளம், அதுவும் வருடக்கணக்கில். இரண்டுக்கும் பணம் வருகிற வழி வேறு. இரண்டையும் ஒரே மனுவில் எழுதியதுதான் நாங்கள் செய்த முதல் தப்பு.

அடுத்தது, பள்ளி யாருடையது என்று பார்க்க வேண்டும். மலையில் பக்கத்துப் பக்கத்து ஊரிலேயே இது மாறும். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி, நடுநிலைப் பள்ளி என்றால் ஆசிரியர் பள்ளிக்கல்வித் துறைக்குக் கீழே. கட்டடத்தைப் பார்ப்பது ஒன்றிய அலுவலகம், அதாவது பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) பக்கம். அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி என்றால் அது பள்ளிக்கல்வித் துறைப் பள்ளியே இல்லை, பழங்குடியினர் நலத்துறைப் பள்ளி. அதற்கு நிதி ஒதுக்குவதும் வேறு அமைச்சரின் மானியக் கோரிக்கையில், அதாவது அந்தத் துறைச் செலவுக்குச் சட்டமன்றத்தில் பணம் கேட்கும்போது. இதைத் தெரிந்துகொள்ளாமல் கல்வி அமைச்சருக்கு எழுதினால், அது துறை மாற்றி அனுப்பப்படுவதற்கே மாதங்கள் போய்விடும். பள்ளியின் பெயர்ப்பலகையிலேயே இது இருக்கும். கூடவே ஒவ்வொரு பள்ளிக்கும் தனியாக இருக்கும் 11 இலக்க யூடைஸ் எண்ணையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே பெயரில் இரண்டு ஊர் இருந்தால் அந்த எண்தான் காப்பாற்றும்.

பணத்தின் அளவும் தெரிந்திருக்க வேண்டும். 2025-26 பட்ஜெட்டில் பள்ளிக்கல்வித் துறைக்குத் தமிழ்நாடு அரசு ஒதுக்கியது 46,767 கோடி ரூபாய். இதில் மலை உச்சியில் இருக்கும் ஒரு சின்னப் பள்ளியின் கைக்கு நேராக வருவது என்ன? சமக்ர சிக்ஷா என்பது ஒன்றிய அரசும் மாநிலமும் சேர்ந்து பணம் போடும் பள்ளிக்கல்வித் திட்டம். அந்தக் கணக்கில் பள்ளி மானியம் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தது. முப்பது பிள்ளைகள் வரை இருக்கும் பள்ளிக்கு வருடத்துக்குப் பத்தாயிரம் ரூபாய். சாக்பீஸ், பதிவேடு, பினாயில், உடைந்த குழாய், பூட்டு எல்லாவற்றுக்கும் அதுதான். மலையில் ஊருக்கு ஊர் தூரம், ஊருக்குள் வீடுகள் குறைவு. அதனால் இங்கே பள்ளிகள் சின்னதாகத்தான் இருக்கும். தலையை எண்ணிப் பணம் தரும் கணக்கில் மலைப்பள்ளி எப்போதும் கடைசியில்தான் நிற்கும். இதே மலையில்தான் நூறு வருடம் கடந்த பெயர்பெற்ற தனியார் உறைவிடப் பள்ளிகளும் இருக்கின்றன. எங்கெங்கிருந்தோ பிள்ளைகள் படிக்க வரும் இந்த ஊரில், இந்த மண்ணில் பிறந்த பிள்ளை மூன்றாம் வகுப்பில் பக்கெட்டை நகர்த்தி வைத்து உட்காருவது எனக்கு இன்றும் பொறுக்கவில்லை.

சரி, வழிகளுக்கு வருவோம்.

எல்லாருக்கும் முதலில் தோன்றுவது திங்கட்கிழமை. கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள். யார் வேண்டுமானாலும் போகலாம், மனுவைப் பதிவு செய்து எண் தருவார்கள். ஆனால் மலையிலிருந்து போகிறவருக்கு அதன் விலை என்ன என்று யாரும் கணக்குப் போடுவதில்லை. விடியற்காலை பஸ் பிடித்து இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி, அடிவாரம் தாண்டி சேலம் போய், வரிசையில் நின்று, மனு கொடுத்துவிட்டுத் திரும்பினால் ஒரு நாள் கூலி போச்சு. நான்கு அம்மாக்களைக் கூட்டிக்கொண்டு போனால் நான்கு நாள் கூலி. இந்தச் செலவுக்கு ஏற்றது எது? கலெக்டர் தன் அதிகாரத்திலேயே முடிக்கக்கூடிய வேலை. பழுதான கட்டடத்தை இடிக்க உத்தரவு, பள்ளி நிலத்தை அளந்து கொடுப்பது, சாதிச் சான்றிதழ் தாமதம், பஸ் நேரம். இதற்கெல்லாம் திங்கட்கிழமை நல்ல வழி. புது ஆசிரியர் பணியிடம் மாவட்டத்தில் முடிவாகிற விஷயம் இல்லை. அதைக் கேட்டால் மனு துறைக்குப் போய், துறையிலிருந்து வட்டாரத்துக்கு இறங்கி, கடைசியில் எங்கள் டீச்சர் கையில் வந்த மாதிரிதான் வந்து நிற்கும்.

1100 என்ற முதல்வர் உதவி எண்ணுக்கும் கிட்டத்தட்ட இதே கதைதான். வீட்டிலிருந்தே கூப்பிடலாம், கூலி போகாது, பதிவு எண் குறுஞ்செய்தியில் வரும். மலையில் டவர் கிடைக்கிற இடமாகப் பார்த்து நின்று பேச வேண்டும், அவ்வளவுதான். பதில் வரும் என்பது உறுதி. பணம் வரும் என்பது உறுதியில்லை. "இத்தனையாம் தேதி கேட்டோம், இன்னும் நடக்கவில்லை" என்று பின்னால் காட்டுவதற்கு ஓர் ஆதாரமாக இதை வைத்துக்கொள்ளலாம்.

இப்போது எம்.எல்.ஏ.வுக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் பலர் எம்.எல்.ஏ.வைக் காதுகுத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் கூப்பிடுகிறார்களே தவிர, சட்டமன்றத்தில் பேசவேண்டிய ஆள் அவர் என்று நினைத்துப் பார்ப்பதில்லை. தமிழ்நாட்டின் 234 தொகுதிகளில் பழங்குடியினருக்கு ஒதுக்கியவை இரண்டே இரண்டு, ஏற்காடும் சேந்தமங்கலமும். அதாவது மலைப்பிள்ளைகளின் படிப்பைப் பற்றிச் சட்டமன்றத்தில் எழுந்து பேசுவதற்கென்றே இருக்கும் இரண்டு நாற்காலிகளில் ஒன்று நம்முடையது. சேலம் மாவட்டத்தின் மற்ற பத்துத் தொகுதிக்காரர்களுக்கும் இந்த வாய்ப்பு இல்லை.

எம்.எல்.ஏ.விடம் இரண்டு விதமான பலம் இருக்கிறது. ஒன்று தொகுதி மேம்பாட்டு நிதி, வருடத்துக்கு 3 கோடி. இது கட்டடத்துக்கு. வகுப்பறை, கழிப்பறை, சுற்றுச்சுவர் என்று கேட்டால் நியாயமான கேள்வி. ஆனால் இந்தத் தொகுதி மலையோடு முடிவதில்லை. கீழே அயோத்தியாப்பட்டணம், வாழப்பாடிப் பக்கமும் சேர்ந்தது. அந்த 3 கோடிக்குச் சமுதாயக்கூடம், சாலை, குடிநீர் எல்லாம் வரிசையில் நிற்கும். வெறும் கையோடு போனால் "பார்க்கலாம்" என்ற பதில்தான் வரும். நாங்கள் போனபோது பி.ஏ. கேட்ட முதல் கேள்வியே "எஸ்டிமேட் இருக்காங்க?" என்பதுதான். இல்லை. திரும்பி வந்தோம். ஒன்றியப் பொறியாளரைப் பார்த்து, பள்ளிக்கு வரவழைத்து, கூரையை அளந்து மதிப்பீடு வாங்கிக்கொண்டு இரண்டாம் முறை போனோம். அப்போதுதான் பேச்சே வேறு மாதிரி இருந்தது. எவ்வளவு, எங்கே, யார் செய்வது என்று தாளில் இருந்தால், அவர் பரிந்துரைக் கடிதம் எழுதுவது சுலபம். அடுத்த மழைக்குள் கூரை மாறிவிட்டது.

இன்னொரு பலம், பேச்சு. ஆசிரியர் பணியிடம், பள்ளியைத் தரம் உயர்த்துவது, விடுதி இதெல்லாம் தொகுதி நிதியில் வராது. துறையின் ஒதுக்கீட்டில்தான் வர வேண்டும். அதை மாற்றும் இடம் சட்டமன்றம். பட்ஜெட் வைத்த பிறகு ஒவ்வொரு துறைக்கும் மானியக் கோரிக்கை விவாதம் நடக்கும். உறுப்பினர்கள் தொகுதிக் கோரிக்கைகளைச் சொல்வார்கள். முடிவில் அமைச்சர் பதிலுரை சொல்லி அறிவிப்புகளை வாசிப்பார். அந்த அறிவிப்புப் பட்டியலில் ஏறிவிட்டால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி. கேள்வி நேரத்திலும் கேட்கலாம். "இன்ன ஊர் நடுநிலைப் பள்ளியை உயர்நிலைப் பள்ளியாகத் தரம் உயர்த்த அரசு ஆவன செய்யுமா?" என்று முடிகிற ஒற்றை வரிதான் கேள்வி. அந்த வரியை நீங்களே எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள். கூடவே ஊர் பெயர், யூடைஸ் எண், பிள்ளைகள் எண்ணிக்கை, அடுத்த பள்ளி எத்தனை கிலோமீட்டர், பஸ் உண்டா இல்லையா, இவ்வளவும் அரைப் பக்கத்தில். எழுந்து பேசுகிறவருக்கு விவரம் கையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பொதுவாக நாலு வார்த்தை பேசி உட்கார்ந்துவிடுவார்.

ஆசிரியர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. "தற்காலிக ஆசிரியர் போட்டுக்கொள்ளுங்கள்" என்று சொல்வார்கள். 2022இல் மேலாண்மைக் குழு மூலம் தற்காலிக ஆசிரியர் வைத்துக்கொள்ள அரசு அனுமதித்தபோது இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500 ரூபாய் என்றார்கள். பிறகு அதே வருடம் 12,000 ஆக்கினார்கள். கீழேயிருந்து தினமும் பஸ் ஏறி, அதற்குமேல் நடந்து வந்து அந்தச் சம்பளத்துக்கு எத்தனை மாதம் ஒருவர் நிற்பார்? எங்களுக்கு ஒரு பெண் வந்தார், நன்றாகச் சொல்லிக் கொடுத்தார், வேறு வேலை கிடைத்ததும் போய்விட்டார். போகும்போது பிள்ளைகள் பஸ் நிறுத்தம் வரை கூடவே போனார்கள். அதனால் தற்காலிகம் கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் நிரந்தரப் பணியிடம் கேட்பதை நிறுத்தாதீர்கள். சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்க வகுப்புகளில் அறுபது பிள்ளைகள் வரை இருந்தாலே இரண்டு ஆசிரியர் இருக்க வேண்டும்.

எம்.பி. விஷயத்தில் மலைக்காரர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். நாம் இருப்பது சேலம் மாவட்டம், ஆனால் ஏற்காடு சட்டமன்றத் தொகுதி வருவது கள்ளக்குறிச்சி மக்களவைத் தொகுதியில். இது தெரியாமல் சேலத்தில் ஓர் அலுவலகத்தில் அரை நாள் உட்கார்ந்திருந்தோம். அப்புறம் அங்கே இருந்த ஒருவர்தான் "நீங்க கள்ளக்குறிச்சிங்க" என்று சொல்லி அனுப்பினார். எம்.பி. நிதி வருடத்துக்கு 5 கோடி. அதில் பழங்குடியினர் வாழும் பகுதிகளுக்கு 7.5 சதவீதம் பரிந்துரைக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. கணக்குப் போட்டால் 37.5 லட்சம். கல்வராயன் மலையும் அதே மக்களவைத் தொகுதிதான், அவர்கள் தேவையும் குறைந்ததில்லை. இருந்தாலும் இந்த விதியை எடுத்துச் சொல்லிக் கேட்பவர்கள் குறைவு. மனுவில் ஒரு வரி எழுதுங்கள். இதுவும் கட்டடத்துக்குத்தான், சம்பளத்துக்கு ஆகாது.

எம்.பி.யிடம் கேட்கவேண்டிய பெரிய விஷயம் வேறு. கல்வி 1976இன் 42ஆவது சட்டத்திருத்தம் மூலம் பொதுப்பட்டியலுக்குப் போனது, அதாவது ஒன்றியம், மாநிலம் இரண்டுமே சட்டம் போடக்கூடிய பட்டியல். சமக்ர சிக்ஷா செலவில் ஒன்றிய அரசு 60, மாநிலம் 40 என்பது ஏற்பாடு. பி.எம். ஸ்ரீ என்ற ஒன்றிய அரசின் மாதிரிப் பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்துப் போடவில்லை என்று 2024-25ஆம் வருடத்துக்கான சமக்ர சிக்ஷா பணம் 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்தி வைத்தது. கொள்கைச் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்று ஆளுக்கு ஒரு கருத்து இருக்கலாம். எங்கள் பள்ளிக்கு வரும் அந்தப் பத்தாயிரம் ரூபாய் மானியம் அந்தக் கணக்கிலிருந்துதான் வருகிறது என்பதை மட்டும் நாடாளுமன்றத்தில் யாராவது சொல்ல வேண்டும். அதைச் சொல்லச் சொல்லி எம்.பி.க்குத் தபாலில் எழுதலாம். நேரில் போய் நாள் முழுக்கக் காத்திருக்கத் தேவையில்லை.

பலருக்குத் தெரியாத ஒரு வழி, சட்டமன்றத்தின் மனுக்கள் குழு. எம்.எல்.ஏ.க்கள் அடங்கிய இந்தக் குழு மாவட்டம் மாவட்டமாக வந்து, மனு கொடுத்தவர்களையும் அதிகாரிகளையும் எதிரெதிரே உட்கார வைத்து விசாரிக்கும். வருவதற்கு முன்னால் மாவட்ட நிர்வாகம் செய்தித்தாளில் அறிவிப்புக் கொடுக்கும். ஐந்து நகல் வேண்டும். பல வருடமாகத் தீராத பொதுப்பிரச்சினையாக இருக்க வேண்டும். ஒரு மனுவில் ஒரே பிரச்சினை, ஒரே துறை. பட்டா, முதியோர் ஓய்வூதியம், வேலை, கடன், வழக்கில் இருப்பது, இதெல்லாம் எடுக்க மாட்டார்கள். பள்ளிக் கட்டடமும் பணியிடமும் இதற்கு அச்செடுத்த மாதிரிப் பொருந்தும். ஒரே குறை, குழு எப்போது சேலம் வரும் என்று நம் கையில் இல்லை. அதனால் மனுவை எழுதி நகல் எடுத்துத் தயாராக வைத்திருங்கள். அறிவிப்பு வந்தால் அன்றைக்கே அனுப்பலாம்.

கிராம சபையா, பள்ளி மேலாண்மைக் குழுவா என்று கேட்டால், எனக்கு இரண்டாவதுதான். கிராம சபை வருடத்துக்கு ஆறு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அங்கே தண்ணீரும் தெருவிளக்கும் நூறு நாள் வேலையும் நேரத்தை எடுத்துக்கொள்ளும். ஒரு தீர்மானம் போட்டு நகல் வாங்கி வையுங்கள், போதும். மேலாண்மைக் குழு அப்படியில்லை. அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்று சட்டமே சொல்கிறது. அதைவிட முக்கியம் சட்டத்தின் 22ஆம் பிரிவு: குழு பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிக்க வேண்டும், அந்தத் திட்டமே அரசு தரும் மானியத்துக்கு அடிப்படையாக இருக்க வேண்டும். எங்கள் குழுத் தலைவி அக்கா காபி பறிக்கப் போகிறவர். தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துப் போடும்போது ஒவ்வொரு எழுத்தாக, அழுத்திப் போடுவார். அடுத்த பக்கத்திலும் தடம் தெரியும். அந்தக் கையெழுத்துள்ள தீர்மான நகலை எம்.எல்.ஏ.விடம் நீட்டினால் அது ஒரு ஆளின் குறை இல்லை, சட்டப்படி அமைந்த ஒரு குழுவின் கோரிக்கை.

டீச்சர் பெயரை மட்டும் எந்த மனுவிலும் இழுக்காதீர்கள். அரசு ஊழியர் அரசியல்வாதியிடம் போனார் என்று அவர் மேல் நடவடிக்கை வர இடம் கொடுக்கக் கூடாது. போகவேண்டியவர்கள் பெற்றோர்தான்.

நன்கொடை வழியும் இருக்கிறது. 2022இல் தொடங்கிய நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி திட்டம் மூலம் கம்பெனிகளும் பழைய மாணவர்களும் உதவலாம். பெஞ்சு, ஸ்மார்ட் டிவி, பெயிண்ட் என்றால் நல்ல வழி. சேலத்தில் இருக்கும் நம் ஊர்க்காரர்கள் சிலர் சேர்ந்தாலே நடக்கும். ஆனால் சம்பளத்தை நன்கொடையில் ஓட்ட முடியாது, ஓட்டவும் விடக் கூடாது. அது அரசின் கடமை. இணையத்தில் கையெழுத்து இயக்கம் பற்றிக் கேட்டால், மலையில் எத்தனை அம்மாக்களிடம் மின்னஞ்சல் இருக்கிறது என்பதுதான் என் பதில்.

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். கட்டடம் என்றால் தீர்மானம், எஸ்டிமேட் இரண்டையும் எடுத்துக்கொண்டு எம்.எல்.ஏ.விடம் நேரில், நகல் எம்.பி.க்குத் தபாலில். ஆசிரியர் என்றால் தீர்மானத்தோடு இன்னொரு தாளும் வேண்டும். அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, காலி எத்தனை, எப்போதிலிருந்து காலி என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். பத்து ரூபாய் கோர்ட் பீஸ் ஸ்டாம்பு ஒட்டினால் போதும், முப்பது நாளில் பதில் தர வேண்டும். துறையின் முத்திரையோடு வரும் அந்தக் கணக்கை யாரும் மறுக்க முடியாது.

நேரமும் முக்கியம். பட்ஜெட் பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச் வாக்கில் வரும். துறைகள் கணக்குப் போடத் தொடங்குவது அதற்குப் பல மாதம் முன்பே. நாங்கள் போன முறை மானியக் கோரிக்கை முடிந்த பிறகு போனோம். "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்றார்கள். டிசம்பர், ஜனவரியில் காபிப் பறிப்பு மும்முரம். அப்போது எந்த அம்மாவையும் மலை இறங்கக் கூப்பிட முடியாது. அதனால் இந்த முறை அக்டோபரிலேயே போவது என்று குழுவில் பேசியிருக்கிறோம். தகவல் உரிமை மனு போன வாரம் தபாலில் போய்விட்டது. அரைப் பக்கத் தாளைத் தலைவி அக்கா இரண்டு முறை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டார். பஸ் எத்தனை மணிக்கு என்ற வரி விட்டுப்போயிருக்கிறது என்றார். சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.